கொழும்புத் துறைமுகத்தில் அரசும் தனியாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்புத் துறைமுகம் பற்றி ஒரு செய்தி வந்தால் போதும், "வித்துட்டாங்களா?" என்ற கேள்விதான் முதலில் வரும். அடுத்து "அப்போ அரசாங்கமே நடத்தக்கூடாதா?" என்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஒரு துறைமுகத்தில் எந்த வேலையை யார் செய்கிறார்கள், நட்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் பதில் பிடிபடும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

துறைமுகத்தை விற்றுவிட்டார்களா?

இல்லை. கொழும்புத் துறைமுகத்தின் நிலம், கடற்பரப்பு, அலைதடுப்புச் சுவர், கப்பல் வரும் வழி எல்லாம் இலங்கைத் துறைமுக அதிகார சபையிடம்தான் இருக்கின்றன. 1979இல் தனிச் சட்டத்தின்மூலம் உருவாக்கப்பட்ட அரச நிறுவனம் அது. தனியாருக்குக் கொடுப்பது தனித்தனி முனையங்களை மட்டுமே. முனையம் என்றால் கப்பல் அணையும் துறைமேடை, அதன்மேல் நிற்கும் பாரந்தூக்கிகள், பின்னால் கொள்கலன் பெட்டிகளை அடுக்கும் வளவு. அதைத் தனியார் தங்கள் பணத்தில் கட்டி, குறிப்பிட்ட ஆண்டுகள் நடத்திவிட்டுத் திருப்பிக் கையளிக்க வேண்டும்.

இப்போது எந்த முனையம் யாரிடம்?

ஜெயா கொள்கலன் முனையம் முழுக்க அதிகார சபையுடையது. 1980களில் கட்டியது, இன்றும் அவர்களே நடத்துகிறார்கள். எலிசபெத் மகாராணி துறைமேடை இருந்த இடத்தில் 1999இலிருந்து சவுத் ஏசியா கேட்வே டெர்மினல்ஸ் நிறுவனம் இயங்குகிறது. இலங்கைக் கம்பனியான ஜோன் கீல்ஸ் அதில் பெரிய பங்காளி, அதிகார சபைக்கு 15 வீதம். தெற்கு முனையத்தை 2013இலிருந்து சீனாவின் சைனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனம் 85 வீதப் பங்குடன் நடத்துகிறது. துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் அதைச் சிஐசிடி என்பார்கள். அங்கும் அதிகார சபைக்கு 15 வீதம்தான். மேற்கு முனையத்தில் இந்தியாவின் அதானி 51, ஜோன் கீல்ஸ் 34, அதிகார சபை 15. 2025 ஏப்ரலில் அது வேலையைத் தொடங்கியது. கிழக்கு முனையம் அதிகார சபையிடமே இருக்கிறது. அதற்கு ஒரு பெரிய கதை உண்டு, கீழே சொல்கிறேன்.

ஒரே துறைமுகத்துக்குள் அரச முனையங்களும் மூன்று தனியார் முனையங்களும் அடுத்தடுத்து நின்று ஒரே கப்பல் நிறுவனங்களுக்காகப் போட்டியிடுகின்றன. கொழும்பின் பலமே இதுதான் என்பது என் கருத்து. ஒரு முனையம் மெதுவாக வேலை செய்தால் கப்பல் அடுத்த மேடைக்குப் போய்விடும். அரச ஏகபோகம், தனியார் ஏகபோகம் இரண்டிலுமே அந்தப் பயம் இருக்காது.

சின்ன நாடு, ஏற்றுமதியும் குறைவு. இவ்வளவு பெரிய துறைமுகம் எதற்கு?

கொழும்பில் இறங்கும் பெட்டிகளில் ஐந்தில் நான்கு இலங்கைக்கு உரியவையே அல்ல. அவை இடையில் கப்பல் மாறும் பெட்டிகள். ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையில் ஓடும் பெரிய தாய்க்கப்பல்கள் எல்லாத் துறைமுகங்களுக்குள்ளும் போக மாட்டா. போனாலும் கட்டுப்படியாகாது. அதனால் தூத்துக்குடியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சிட்டகாங்கிலிருந்தோ சிறிய ஊட்டுக்கப்பலில் பெட்டிகள் கொழும்புக்கு வருகின்றன, இங்கே தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. தூத்துக்குடிப் பெட்டி ஒரு நாளுக்குள் இங்கே வந்துவிடும். திருப்பூர்ப் பின்னலாடை ஐரோப்பாவுக்குப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

கப்பல் மாறும் பெட்டியை இறக்கவும் ஏற்றவும் இரண்டு தடவை தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்குக்கும் கப்பல் நிறுவனம் டொலரில் பணம் கட்டுகிறது. 20 அடிப் பெட்டிக் கணக்கில் 2019இல் கொழும்பு கையாண்டது ஏறத்தாழ 72 இலட்சம். நமது சொந்த ஏற்றுமதியையும் இறக்குமதியையும் மட்டும் நம்பியிருந்தால் இதில் ஒரு சிறு பங்குதான் தேறியிருக்கும்.

இன்னொரு பலனும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. இந்தியச் சரக்குக்காக இங்கே வரும் தாய்க்கப்பலிலேயே நமது தேயிலையும் ஆடைகளும் ஏறிவிடுகின்றன. அந்தக் கப்பல் வராவிட்டால் நமது ஏற்றுமதியாளர்தான் ஊட்டுக்கப்பலில் பெட்டியை வேறு நாட்டுக்கு அனுப்பிக் காத்துக்கிடக்க வேண்டும்.

அப்படி நல்ல வருமானம் என்றால் அரசாங்கமே எல்லாவற்றையும் கட்டியிருக்கலாமே?

முடிந்தால் கட்டியிருக்கலாம். 1990களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். போர் நடந்துகொண்டிருந்தது, வரவு செலவுத் திட்டத்தில் பெரும் பணம் அதற்கே போனது. துறைமேடைகளில் நெரிசல். இடத்துக்காகக் காத்திருக்கும் கப்பல் நிறுவனம் அடுத்த முறை சிங்கப்பூரையோ டுபாயையோ பார்க்கும். 1999இல் எலிசபெத் மகாராணி துறைமேடையை 30 ஆண்டுகளுக்குக் கட்டி, நடத்தி, கையளிக்கும் முறையில் கொடுத்தது அந்த நெருக்கடியில்தான். இன்று அங்கே 940 மீற்றர் மேடையும் 15 மீற்றர் ஆழமும் இருக்கின்றன.

இரண்டே ஆண்டுகளில், 2001 ஜூலையில், கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டது. போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது, கப்பல்கள் கொழும்பைத் தவிர்க்கத் தொடங்கின. முழுத் துறைமுகமும் கடன் வாங்கிக் கட்டிய அரச சொத்தாக மட்டும் இருந்திருந்தால் அந்த அடி முழுவதும் பொதுமக்களின் தலையில் விழுந்திருக்கும். பங்காளிகள் இருந்ததால் நட்டத்தில் ஒரு பகுதியை அவர்கள் சுமந்தார்கள். தனியாரைச் சேர்ப்பதன் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. அவர்களுக்குத் திறமை அதிகம் என்பது இரண்டாவது காரணம். முதற்காரணம், ஆபத்தில் ஒரு பங்கைத் தங்கள் பணத்தால் ஏற்க அவர்கள் முன்வருவது.

எல்லாச் செலவையும் தனியாரே போடுகிறார்களா?

இல்லை. என்னைக் கேட்டால், கொழும்பு சரியாகச் செய்த காரியங்களில் முதலாவது இதுதான்.

பெரிய கப்பல்களுக்குப் பழைய துறைமுகத்தின் ஆழம் போதாது என்பது 2000களில் தெளிவாகிவிட்டது. ஆழமான தெற்குத் துறைமுகம் தேவைப்பட்டது. அதற்கு முதலில் கடலுக்குள் கிலோமீற்றர்க் கணக்கில் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டும், பிறகு கடலடியைத் தோண்டி 18 முதல் 20 மீற்றர் வரை ஆழப்படுத்த வேண்டும். தனியே அலைதடுப்பை மட்டும் கட்டி எந்தக் கம்பனியும் சம்பாதிக்க முடியாது. அதற்குக் கட்டணம் வாங்க வழியில்லை, எல்லா முனையங்களும் அதன் நிழலில் நிற்கின்றன. ஒரு கம்பனியிடம் கட்டக் கொடுத்திருந்தால், உள்ளே வரும் மற்ற முனையங்களுக்கு அந்தக் கம்பனியே வாசற்காவலன் ஆகியிருக்கும்.

ஆகவே அதை அரசு தானே பொறுப்பெடுத்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியிடம் 30 கோடி டொலர் கடன் வாங்கி, அதிகார சபையின் பணத்தையும் சேர்த்து, 2008இல் வேலை தொடங்கியது. கொரியாவின் ஹியுண்டாய் நிறுவனம் கட்டியது, 2012இல் முடிந்தது. அந்தச் சுவர் நின்ற பிறகு தெற்கு முனையத்தை எடுத்தவர்கள் 50 கோடி டொலருக்குமேல் தங்கள் பணத்தைப் போட்டார்கள். 2013இல் தொடங்கி 2014இல் முழு 1,200 மீற்றர் மேடையும் தயாரானது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் முதன்முறையாகக் கொழும்பில் நின்றன.

முதலில் பொதுப்பணத்தில் பொதுச்சொத்து, அதன்மேல் தனியார் பணத்தில் தொழில். இந்த வரிசை மாறியிருந்தால் இன்றைய கொழும்பு இல்லை.

15 வீதம்தானே நமக்கு? மிச்சம் 85 வீதம் வெளியே போகிறதே?

15 வீதம் என்பது முனையக் கம்பனியில் அதிகார சபைக்கு உள்ள பங்கு. அதற்கு இலாபப்பங்கு வரும். அது தவிர ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமைக் கட்டணம் உண்டு, நிலத்துக்கு வாடகை உண்டு. கப்பல் உள்ளே வரும்போது வழிகாட்டும் மாலுமியும் இழுவைப்படகும் அதிகார சபையுடையவை, அந்தக் கட்டணமும் அங்கேதான் போகிறது. முனையம் நட்டப்பட்டாலும் பெட்டிக்கான உரிமைக் கட்டணம் வந்துகொண்டிருக்கும். ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று பார்க்க விரும்புபவர்கள் பங்கு வீதத்தை விட்டுவிட்டு அந்தக் கட்டண அட்டவணையைக் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது ஏறுகிறதா, குறைந்தபட்சப் பெட்டிகளுக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்பவை கேட்க வேண்டிய விடயங்கள். பாராளுமன்றத்திலும் ஊடகங்களிலும் பங்கு வீதம் பற்றியே சண்டை நடக்கிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கிழக்கு முனையத்தில் நடந்தது என்ன?

அங்கே முதற்கட்டத் துறைமேடையை அதிகார சபையே கட்டியது. கட்டி முடித்த பிறகும் பெரிய பாரந்தூக்கிகள் இல்லாமல் அது பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. ஆழம் இருந்தது, மேடை இருந்தது, கப்பல் மட்டும் இல்லை. நாடு முழுவதும் இதைப் பார்த்துக் கோபப்பட்டிருக்க வேண்டும்.

2019 மே மாதம் இலங்கை, இந்தியா, ஜப்பான் மூன்றும் அதைச் சேர்ந்து நடத்த ஓர் ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையொப்பமிட்டன. இலங்கைக்கு 51 வீதம், மற்றவர்களுக்கு 49 வீதம் என்பது பேச்சு. துறைமுகத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. 2020 ஜூலையில், ஜெயா முனையத்துக்கென வந்த பாரந்தூக்கிகளைக் கிழக்கு முனையத்தில் பொருத்தச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். 2021 பெப்ரவரியில் அரசு பின்வாங்கியது. கிழக்கு முனையம் முழுக்க அதிகார சபைக்கே என்று அமைச்சரவை முடிவெடுத்தது.

தொழிலாளர்களைக் குறை சொல்பவர்கள் உண்டு, நான் சொல்ல மாட்டேன். அதிகார சபை தன் கையில் ஆழமான முனையம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டது சரியான கோரிக்கை. ஜெயா முனையத்தின் ஆழம் புதிய பெரிய கப்பல்களுக்குப் போதாது. கிழக்கும் போயிருந்தால் அதிகார சபை காலப்போக்கில் வாடகை வசூலிக்கும் அலுவலகமாகச் சுருங்கியிருக்கும். தவறு அரசின் பக்கம்தான். கையொப்பம் இடுவதற்கு முன் பேச வேண்டியவர்களுடன், கையொப்பம் இட்டு இரண்டு ஆண்டுகள் கழித்துப் பேசினார்கள். அதற்குள் மூன்று நாடுகளின் உறவு ஒரு துறைமேடையில் சிக்கிக்கொண்டது.

மேற்கு முனையம் அதற்கு ஈடாக இந்தியாவுக்குக் கொடுத்ததுதானே?

பெரும்பாலும் அப்படித்தான் பார்க்கப்பட்டது. 2021 செப்ரெம்பரில் 35 ஆண்டு ஒப்பந்தம் கையொப்பமானது. திறந்த சர்வதேசக் கேள்விமனு கோரித் தெரிவு செய்யவில்லை. நாடுகளுக்கிடையிலான பேச்சின் தொடர்ச்சியாக வந்தது. இதை ஒரு குறையாகவே சொல்வேன். போட்டி இல்லாமல் கிடைத்த விலை நல்ல விலையாகவும் இருக்கலாம், ஆனால் அதை மக்களுக்கு நிரூபிக்க வழியில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. எரிபொருளுக்கு வரிசை, சமையல் எரிவாயுவுக்கு வரிசை. அந்த ஆண்டு நவம்பரில் மேற்கு முனையத்தில் கட்டுமானம் தொடங்கியது. ஏறத்தாழ 80 கோடி டொலர்த் திட்டம், 1,400 மீற்றர் மேடை, 20 மீற்றர் ஆழம், ஆண்டுக்கு 32 இலட்சம் பெட்டிகளுக்கான இடம். அந்த நேரத்தில் இப்படி ஒரு திட்டத்துக்கு இலங்கை அரசு கடன் வாங்குவது மிகக் கடினமாக இருந்திருக்கும். 2023 நவம்பரில் அமெரிக்க அரசின் அபிவிருத்தி நிதி நிறுவனம் இதற்கு 55 கோடி 30 இலட்சம் டொலர் கடன் தருவதாக அறிவித்தது. 2024 டிசெம்பரில் அந்தக் கடன் வேண்டாம் என்று அதானி நிறுவனம் விலகி, சொந்தப் பணத்திலேயே கட்டியது. கடன் ஏற்பாடு குழம்பியதில் இலங்கைத் திறைசேரி ஒரு சதத்தையும் இழக்கவில்லை. அந்தத் தலைவலி கட்டுபவர்களுடையதாகவே இருந்தது.

அம்பாந்தோட்டையும் இதே முறைதானே?

பெயர் ஒன்று, நடந்தது நேரெதிர். தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை அரசு பெரும்பாலும் கடனில் கட்டியது. முதற்கட்டத்துக்குச் சீன எக்சிம் வங்கியிடம் 30 கோடி 70 இலட்சம் டொலர், 6.3 வீத வட்டி. 2010 நவம்பரில் திறந்தார்கள். கப்பல் வருமா என்ற ஆபத்து முழுவதும் மக்களுடையதாக இருந்தது. எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 2017இல் சைனா மெர்ச்சன்ட்ஸுக்கு 112 கோடி டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகை கொடுத்தார்கள்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒரு விடயம்: அந்த 112 கோடியால் துறைமுகக் கடன் அடையவில்லை. பணம் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பைத் தூக்கிவிட உதவியது. துறைமுகத்துக்காக வாங்கிய கடன் அப்படியே இருந்தது, அதைக் கட்டும் பொறுப்பு திறைசேரிக்குப் போனது.

கொழும்பில் ஒரு முனையம் கேட்டவர்கள் கப்பல் வரும் என்று கணக்குப் போட்டு, தங்கள் பணத்தைப் போட்டு வந்தார்கள். அம்பாந்தோட்டையில் ஆபத்தையெல்லாம் நாம் சுமந்து முடித்த பிறகு, பணத்துக்குத் தவித்த நேரத்தில் பங்காளியைத் தேடினோம். 35 ஆண்டும் 99 ஆண்டும் ஒன்றல்ல. முதலாவதில் கையளிக்கும் நாளை இன்றைய இளைஞர் பார்ப்பார். இரண்டாவதில் அவருடைய பேரப்பிள்ளைகள் பார்த்தால் உண்டு.

ஒப்பந்தம் எழுதுவதிலேயே பிழை வந்தால் என்ன ஆகும்?

அக்கரையில் தூத்துக்குடியைப் பாருங்கள். 1998இல் பிஎஸ்ஏ சிக்கால் நிறுவனத்துக்கு ஒரு கொள்கலன் முனையத்தை 30 ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் துறைமுகத்துக்கு இவ்வளவு உரிமைக் கட்டணம், அது ஆண்டுதோறும் ஏறும் என்பது பேச்சு. முனையம் வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று தீர்மானித்ததோ கட்டண ஒழுங்குமுறை ஆணையம் என்ற இன்னொரு அமைப்பு. உரிமைக் கட்டணத்தைச் செலவாகக் கணக்கில் எடுக்க ஆணையம் சம்மதிக்கவில்லை. துறைமுகத்துக்குக் கொடுக்க வேண்டியது ஏறிக்கொண்டே போக, வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடியது ஏறவில்லை.

வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நடுவர் மன்றம் உரிமைக் கட்டணத்தை வருமானப் பங்கு முறைக்கு மாற்றிக் கொடுத்தது. 2021 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாத புதிய ஒப்பந்தத்தை நடுவர்கள் எழுத முடியாது என்றது. சட்டப்படி அது சரி. ஆனால் இரண்டு வெவ்வேறு கைகள் ஒரே முனையத்தின் வரவையும் செலவையும் தனித்தனியாகத் தீர்மானித்தால் அது ஓடாது என்பதை ஒப்பந்தம் எழுதிய அன்றே ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

விழிஞ்ஞம் வந்துவிட்டது. கொழும்பின் கதை முடிந்ததா?

முடியாது, ஆனால் சுலபமாகவும் இருக்காது. கேரளத்தின் விழிஞ்ஞம் இயற்கையாகவே ஆழமான இடம், சர்வதேசக் கப்பல் பாதைக்கு மிக அருகில். 2015இல் ஒப்பந்தம், 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல், 2025 மே மாதம் முறைப்படி திறப்பு. அதுவும் அரச–தனியார் திட்டம்தான். 40 ஆண்டுக் காலம் வழமையைவிட 10 ஆண்டு கூட என்று இந்தியக் கணக்காய்வாளரே 2017இல் குறை சொன்னார். அங்கே நடத்துவதும் அதானி, கொழும்பு மேற்கு முனையத்திலும் அதானி. ஒரே கை இரண்டு இடத்திலும் இருந்தால் சரக்கை எங்கே தள்ளும் என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால்தான் கொழும்புக்குள் மற்ற முனையங்களும், குறிப்பாக அதிகார சபையின் கிழக்கு முனையமும், பலமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

முனையம் இவ்வளவு வேகம் என்றால் என் பெட்டி வெளியே வர ஏன் இத்தனை நாள்?

கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி வளவில் நிற்கிறது. சுங்கம், தரச் சான்று, தாவரத் தனிமைப்படுத்தல், உணவுப் பரிசோதனை என்று ஒவ்வொரு திணைக்களத்தின் கையெழுத்தும் வேண்டும். பிறகு லொறி நகர நெரிசலில் ஊர வேண்டும். பாரந்தூக்கியின் வேகம் இதில் எதையும் மாற்றாது.

இங்கே தேவைப்படும் அரச–தனியார் ஒத்துழைப்பு வேறு வகை, அதற்குச் செலவும் குறைவு. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் ஒரு தேசியக் குழு வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சுங்க அதிகாரி, ஏற்றுமதியாளர், கப்பல் முகவர், சுங்கத் தரகர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து "இந்தப் படிவம் எதற்கு, இதை ஏன் இரண்டு இடத்தில் கேட்கிறீர்கள்" என்று பேசும் இடமாக அது இருக்க வேண்டும். இலங்கையிலும் அப்படி ஒரு குழு உண்டு. எல்லா அனுமதிகளையும் ஒரே இணைய வாசலில் பெறும் வசதியும் நீண்ட காலமாகப் பேசப்படுகிறது. ஒரு முனையம் கட்டும் செலவில் சிறு துளி போதும், ஆனால் திணைக்களங்கள் தங்கள் அதிகாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதுதான் கடினமான பகுதி.

அதிவேக வீதிகளையும் இப்படிக் கட்டலாமா?

கொழும்பில் ஒரு முனையம் டொலரில் உழைக்கிறது, வாடிக்கையாளர் வெளிநாட்டுக் கப்பல் நிறுவனம். வீதியில் சுங்கக் கட்டணம் ரூபாயில் வருகிறது, கட்டுபவர் நாம். வாகனம் குறைந்தால் குறைநிரப்பு கேட்டு அரசிடம் வருவார்கள். ஆகவே ஒரு துறைமேடைக்குப் பொருந்திய ஒப்பந்தத்தை அப்படியே நகலெடுத்து வீதிக்குப் போடக்கூடாது.

2029இல் என்ன நடக்கும்?

1999இல் கொடுத்த முனையத்துக்கு 30 ஆண்டு முடிவது அப்போதுதான். இலங்கையில் ஒரு கொள்கலன் முனையம் ஒப்பந்தப்படி கையளிக்கப்பட வேண்டிய முதற்சந்தர்ப்பம் அது. நீடிக்கலாம், புதிதாகக் கேள்விமனு கோரலாம், அதிகார சபையே எடுக்கலாம். எதைச் செய்தாலும், முடிவுக்கு முன்பே பாரந்தூக்கிகளும் மேடையும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சுயாதீனப் பொறியியலாளர்கள் பார்த்து எழுத வேண்டும். அங்கே வேலை செய்பவர்களின் நிலை என்ன என்று எழுத்தில் வர வேண்டும். நீடிப்பதானால் புதிய உரிமைக் கட்டணம் பாராளுமன்றத்தில் வெளிப்படையாக வைக்கப்பட வேண்டும். கடைசி ஆண்டில் அவசரமாகப் பேசினால் பேரம் பேசும் பலம் நம்மிடம் இருக்காது. அந்த வேலைகள் இப்போதே தொடங்க வேண்டியவை.